மரத்துப்போகும் விரல்களோடு தேர்வு மேடை ஏறலாமா?

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் 20 வயது மாணவி எழுதியிருக்கிறார். அவருடைய முதன்மைக் கருவி வயோலா; வயலினைப் போலத் தோளில் வைத்து வாசிப்பது, அதைவிடச் சற்றுப் பெரியது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறேன்.

சிறுவயதில் ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் கர்நாடக வயலினும், பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய வயலினும் கற்றவர். பள்ளி இசைக்குழுவில் வயோலாவுக்கு ஆள் கிடைக்காதபோது 16 வயதில் அதைக் கையில் எடுத்தார். அதன் கனத்த குரல் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் கணக்கியல், மருந்தியல் என்று பேச்சு நடந்துகொண்டிருக்க, இவர் பிடிவாதமாக இசைப் பட்டப்படிப்பில் சேர்ந்தார். போன கோடையில், பெரிய கருவிதான் நல்ல நாதம் தரும் என்று சக மாணவர்கள் சொன்னதைக் கேட்டு, பழைய 15½ அங்குலக் கருவியை விட்டு 16½ அங்குல வயோலா ஒன்றை வாங்கினார். அப்பா கடன் வாங்கிப் பணம் கொடுத்தார்.

நான்கு மாதமாக இடக்கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. காலையில் எழும்போது அதிகம். கழுத்திலிருந்து தோள் வரை வலி. தினமும் ஐந்து மணி நேரப் பயிற்சி. அதற்கு மேல் இசைக்குழு, நால்வர் குழு, ஞாயிறுகளில் உறவினரின் நடனப் பள்ளிக்குக் கர்நாடக வயலின். இணையத்தில் படித்துவிட்டு இது மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் நோய் என்று முடிவுசெய்து, இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறார். ஒத்திகைக்கு முன் இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார். மே இறுதியில், இன்னும் 11 வாரத்தில், ரெபெக்கா கிளார்க்கின் வயோலா சொனாட்டாவை வாசிக்க வேண்டிய தனிக்கச்சேரித் தேர்வு. ஆசிரியரிடம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் கேட்பவை: தேர்வுவரை வாசிக்காமல் ஓய்வெடுத்தால் சரியாகுமா? பல்கலைக்கழகத்திடம் சொன்னால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்களா? "கை போவதற்குள் ஃபார்மசிக்கு மாறிவிடு" என்று அம்மா சொல்வது சரிதானா?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, மரத்துப்போகும் விரல்களைவிட, அதை ஆசிரியரிடம் மறைத்து மாத்திரை போட்டு வாசிப்பதுதான். நீங்கள் விவரிக்கும் கட்டத்தில் வருபவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மறைத்து வாசித்து, கைத்தசை இளைத்த பிறகு வருபவர்களுக்கு அந்த உறுதியை என்னால் கொடுக்க முடிவதில்லை. அதனால் கேள்விகளுக்குப் போகும் முன்பே சொல்கிறேன்: இந்த வாரமே ஒரு மருத்துவரையும் உங்கள் ஆசிரியரையும் பாருங்கள்.

மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்

கடிதத்தை வைத்து யாரும் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது கார்ப்பல் டனல்போலத் தெரியவில்லை. அந்த நோயில் நசுங்குவது மீடியன் நரம்பு. மரத்துப்போவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி. சுண்டுவிரல் அதில் சேராது. உங்களுக்கு மரத்துப்போவது சுண்டுவிரலும் மோதிர விரலும். அவற்றுக்குப் போவது அல்நார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று மின்சாரம் பாயுமே, அந்த இடத்தில், எலும்பு முனைக்குப் பின்னால், தோலுக்கு மிக அருகே அது ஓடுகிறது. அங்கே நரம்பு அழுத்தப்படுவதைக் கியூபிட்டல் டனல் சிண்ட்ரோம் என்கிறோம். வயலின், வயோலா வாசிப்பவர்களின் இடக்கையில் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. முழங்கையை மடக்கும்போது இந்த நரம்பு இழுபடுகிறது. அது நுழைந்து போகும் பாதையும் குறுகுகிறது. நீங்களோ கையை மடக்கி, முன்கையை முழுவதுமாக வெளிப்புறம் திருப்பி, மிகத் தாழ்ந்த ஒலி தரும் சி தந்தியில் நான்காம் விரலான சுண்டுவிரல் எட்டுவதற்காக முழங்கையைக் கருவியின் அடியில் வலப்பக்கமாகத் தள்ளி, அதே நிலையில் மணிக்கணக்காக வைத்திருக்கிறீர்கள். இரவில் முழங்கையை மடித்துத் தூங்குபவராக இருந்தால் நரம்புக்கு அப்போதும் விடுதலை இல்லை. காலையில் அதிகம் மரத்திருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே இரவில் மணிக்கட்டைக் கட்டுவதால் பயன் இல்லை. மெல்லிய துண்டு ஒன்றை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு, கை முழுவதும் மடங்காதபடி தூங்கிப் பாருங்கள். கைப்பேசியை இடக்கையில் காதோடு வைத்துப் பேசுவதையும், மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றிப் படிப்பதையும் இன்றே நிறுத்துங்கள்.

கழுத்து வலியும் இருப்பதால் இன்னொரு சாத்தியத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கழுத்து எலும்புகளிடையே நரம்பு வேர் அழுத்தப்பட்டாலும், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நரம்புக் கொத்து நெருக்கப்பட்டாலும் இதே விரல்கள் மரக்கலாம். முன்கையின் உட்புறத் தோலும் மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். அந்தத் தோலுக்கு வேறு நரம்பு; அங்கும் மரத்தால் கோளாறு முழங்கைக்கு மேலே இருக்கிறது என்று சந்தேகிப்போம். இதைப் பிரித்தறிய நேரடிப் பரிசோதனை வேண்டும். தேவைப்பட்டால் நரம்புக் கடத்தல் பரிசோதனையும் செய்வார்கள்.

ஒரு சிறு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் அதை இழுக்கட்டும். இடக்கையில் தாளைப் பிடித்து நிறுத்தக் கட்டைவிரலின் நுனி மடங்குகிறது, வலக்கையில் அப்படி இல்லை என்றால் தசை பலமிழந்திருக்கிறது என்று பொருள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் உள்ள சதை குழிந்திருந்தாலும், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலும், மரப்பு விட்டுவிட்டு வராமல் நாள் முழுவதும் நீடித்தாலும் 11 வாரம் காத்திருக்கக் கூடாது. குடும்ப மருத்துவரிடம் அவசரம் என்று சொல்லி நாள் வாங்குங்கள்.

இபுபுரூஃபன் நரம்பின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைக்காது. கழுத்து வலியை மட்டும் மந்தமாக்கி, நிறுத்த வேண்டிய நேரத்தில் உங்களை மேலும் ஒரு மணி நேரம் வாசிக்க வைக்கும். மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். எவ்வளவு, எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முழு ஓய்வு ஏன் ஆபத்து

தேர்வுவரை வாசிக்காமலே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்து வாரம் கருவியைத் தொடாமல் இருந்துவிட்டு, கடைசி வாரத்தில் பழைய ஐந்து மணி நேரத்துக்குத் திரும்புபவர்கள் முன்பிருந்ததைவிட மோசமான நிலையில் என்னிடம் வருகிறார்கள். ஓய்வில் தோளும் முதுகும் பலம் குறைந்துவிடும். கருவியின் எடை குறையாது.

மருத்துவர் பார்க்கும்வரை, மரப்பு தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். அது ஏழாவது நிமிடமானாலும் சரி. பரிசோதனையில் தசை பலம் நன்றாக இருந்தால் நாங்கள் வழக்கமாகச் சொல்வது இது: ஐந்து அல்லது பத்து நிமிடம் வாசிப்பு, கையை நீட்டித் தொங்கவிட்டு அதே அளவு ஓய்வு, நாளுக்கு இரண்டு மூன்று முறை. மறுநாள் காலை விரல்கள் மோசமாக இல்லையென்றால் மட்டும் சிறிது கூட்டுவது. 25 நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசிப்பது குணமான பிறகும் வேண்டாம். மீதி நேரத்தில் கருவி இல்லாமல் படியுங்கள். கிளார்க்கின் சொனாட்டாவில் பியானோ பகுதி வயோலாவுக்குச் சமமான கனம் உள்ளது. அந்தப் பியானோ தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தால், உங்கள் விரல் நகராமலே வாசிப்பு மாறும். நரம்பை அசைத்து விடும் பயிற்சிகளைக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள். அளவு மீறினால் அவையே நரம்பைப் புண்ணாக்கும். கை சிகிச்சையில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வயலினை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. தரையில் அமர்ந்து, சுருள் முனையைப் பாதத்தில் தாங்கி வாசிப்பதால் தோளுக்கு வேலை இல்லை, ஆகவே அது ஓய்வுபோல என்று எழுதியிருக்கிறீர்கள். தோளுக்கு அது உண்மை. முழங்கையோ அங்கும் மடங்கித்தான் இருக்கிறது. உழைப்பது அதே நரம்பு. இரண்டு மணி நேர நாட்டிய ஒத்திகை என்றால் இரண்டு மணி நேரமும் கணக்கில் சேரும். உறவினரிடம் இரண்டு மாதம் விடுப்புக் கேளுங்கள். அம்மா இரவில் தோளுக்குத் தைலம் தேய்த்துவிடுவதை நிறுத்த வேண்டியதில்லை. முழங்கையின் உட்புறத்தை மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த ஓர் அங்குலம்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் நோயின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வயலினுக்கு உடல் நீளம் ஏறத்தாழ 14 அங்குலம் என்பது உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது. வயோலாவுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. பெரியவர்கள் 15 முதல் 17 அங்குலம்வரை வாசிக்கிறார்கள். வயலினைவிட ஐந்து சுரம் கீழே ஒலிக்கும் கருவி அதே விகிதத்தில் வளர வேண்டுமானால் ஏறக்குறைய 21 அங்குலம் இருக்க வேண்டும். அதைத் தோளில் வைத்து வாசிக்க மனிதக் கைகளால் ஆகாது. எனவே நீங்கள் பார்த்த ஒவ்வொரு வயோலாவும், மிகப் பெரியது உட்பட, நாதத்துக்கும் உடலுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்தான். ஓர் அங்குலம் கூட்டினால் நாதம் தானாக வந்துவிடும் என்பது சரியல்ல. பக்கப் பலகையின் உயரம், மேல்பாகத்தின் அகலம், மரம், தந்தி, சரியான பாலம் ஆகியவையெல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நல்ல கைவினைஞர் செய்த 15½ அங்குலக் கருவி, சுமாரான 16½ அங்குலக் கருவியைவிட ஆழமாக ஒலிப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இந்த நாட்டில் வயோலாவைத் தனிக்கருவியாக மேடையேற்றியவர்களில் முதன்மையானவர் லயனல் டெர்ட்டிஸ். அவர் வாசித்த, பழைய இத்தாலியக் கைவினைஞர் மொன்டக்னானா செய்த வயோலா 17 அங்குலத்தைத் தாண்டியது. பெரிய நாதத்துக்காக வாழ்நாள் முழுவதும் வாதாடிய அவரே, பிறகு தம் பெயரில் ஒரு மாதிரியை வடிவமைத்தபோது 16¾ அங்குலத்தில் நிறுத்திக்கொண்டார். வாசிப்பவரின் கையை அவர் மறக்கவில்லை. டொரொன்டோவில் வாழ்ந்த கைவினைஞர் ஓட்டோ எர்டெஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். வயோலாக் கலைஞர் ரிவ்கா கோலானிக்காக, கை தடையின்றி மேலே ஏறும்படி கருவியின் மேல் தோளில் ஒரு பகுதியையே வெட்டி அமைத்தார். கருவியை உடலுக்கு ஏற்ப மாற்றுவது வயோலா உலகில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் உயரம் ஐந்தடி இரண்டங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கையின் நீளத்தையும் விரல் விரிவையும் அளந்து பார்க்காமல் நான் எண் சொல்லமாட்டேன். ஆயினும் உங்கள் பழைய அளவுக்குப் பக்கத்தில்தான் தேட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு தந்திக் கருவி விற்கும் கடைக்குப் போங்கள். பல கடைகள் ஓரிரு வாரம் வாசித்துப் பார்க்கக் கருவி தருகின்றன. பெரிய கருவியை எடுத்துக்கொண்டு மாற்றிக்கொடுப்பதும் உண்டு. உங்கள் துறையிலேயே இரவல் கருவிகள் இருக்கலாம், கேளுங்கள். தாடையைத் தாங்கும் சின் ரெஸ்டின் உயரத்தையும், கருவியின் அடியில் தோளில் பொருந்தும் ஷோல்டர் ரெஸ்டையும் ஒன்றாக வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டும். தாடைக்கும் தோளுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஷோல்டர் ரெஸ்டை மட்டும் உயர்த்தி நிரப்பினால் இடக்கை இன்னும் மேலே தூக்கப்படும். கழுத்து வலி தீராது.

அப்பா கடன் வாங்கிய கருவி என்பதால் இதைச் சொல்லத் தயங்குவீர்கள். எனக்குப் புரிகிறது. மகளின் கையைவிட அந்தக் கடன் பெரிதென்று எண்ணும் அப்பாவாக உங்கள் கடிதத்தில் அவர் தெரியவில்லை.

பல்கலைக்கழகம் உங்களை நீக்குமா?

நோயைச் சொன்னதற்காக ஒரு மாணவியைப் படிப்பிலிருந்து நீக்கமாட்டார்கள். சொல்லாமல் போய்த் தேர்வில் பாதியில் நின்றுவிட்டால்தான் சிக்கல். அப்போது கிடைக்கும் மதிப்பெண்ணைப் பிறகு மாற்றுவது கடினம். மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால் தேர்வைத் தள்ளிவைக்க ஏறக்குறைய எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வழி இருக்கிறது. பல இடங்களில் அதை 'மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்' என்பார்கள். உங்கள் துறையின் கையேட்டில் அதன் கடைசி நாளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அது தேர்வு நாளையொட்டியே இருக்கும். தவறினால் மறுவாய்ப்பு அரிது. நாளைத் தள்ளிவைப்பதோடு, நிகழ்ச்சியைச் சுருக்கவும் இடைவேளை விட்டு வாசிக்கவும் அனுமதி கேட்கலாம்.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சட்டப்படி மாற்றுத்திறனாளி என்று கருதப்பட, அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்கும் குறை 12 மாதம் நீடித்திருக்க வேண்டும், அல்லது நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சொனாட்டா வாசிக்க முடியாதது அன்றாட வேலையில் சேராது. பொத்தான் போடுவதும் தட்டச்சு செய்வதும் சேரும். நான்கு மாத மரப்பு இப்போதைக்கு அந்த வரையறைக்குள் வராமல் போகலாம். அதற்காகப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி உதவிப் பிரிவை அணுகாமல் இருக்காதீர்கள். அங்கே நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமின்றி ஆசிரியரிடம் சொல்லமாட்டார்கள்.

பிரிட்டிஷ் அசோசியேஷன் ஃபார் பர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் மெடிசின் என்ற தொண்டு அமைப்பையும் தொடர்புகொள்ளுங்கள். இசை, நாடகம், நடனம் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும் அவற்றை உயர்கல்வியாகப் படிக்கும் மாணவர்களுக்கும் அங்கே இலவச மருத்துவ ஆலோசனை கிடைக்கிறது. கருவியையும் எடுத்துக்கொண்டு போங்கள். நீங்கள் வாசிப்பதைக் கண்ணால் பார்க்காமல் எந்த மருத்துவரும் உங்களை முழுமையாகப் பரிசோதித்ததாகாது.

ஆசிரியர் உங்களைத் தாக்குப்பிடிக்காதவள் என்று நினைப்பாரோ என்று அஞ்சுகிறீர்கள். தந்திக் கருவி ஆசிரியர்களில் கையோ கழுத்தோ ஒருமுறையாவது வலித்துத் தவித்திராதவர்கள் குறைவு. அவரே முழங்கையின் கோணத்தையும் விரல் அமைப்பையும் மாற்றிக்கொடுத்தால், எந்த மருந்தாலும் ஆகாதது ஆகும். நீட்டி முழக்க வேண்டாம்: "நான்கு மாதமாக இடக்கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது. மருத்துவரைப் பார்க்கிறேன். கருவியின் அளவைப் பற்றியும் மே மாதத் தேர்வைப் பற்றியும் உங்களிடம் பேச வேண்டும்." இவ்வளவு எழுதினால் போதும்.

அம்மாவின் யோசனை

அம்மா பயத்தில் பேசுகிறார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எனினும் ஃபார்மசிக்கு மாறுவது அவர் நினைப்பதுபோல எளிதல்ல. உங்கள் ஏ-லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) பாடங்களில் வேதியியல் இல்லை. அது இல்லாமல் மருந்தியல் பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர்வது கடினம். கட்டணக் கடனையும் பாருங்கள். இங்கிலாந்தில் இதுவரையுள்ள விதி, புதிய படிப்பின் ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி, ஏற்கெனவே படித்த ஆண்டுகளைக் கழிப்பது. மருந்தியல் நான்கு ஆண்டு. ஒன்றைக் கூட்டினால் ஐந்து. நீங்கள் படித்த இரண்டைக் கழித்தால் மூன்று. ஓர் ஆண்டின் கட்டணத்தைக் குடும்பம் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். 2025-26 கல்வியாண்டில் அது 9,535 பவுண்டு வரை. உடல்நலம் போன்ற வலுவான காரணத்தைச் சான்றோடு காட்டினால் கூடுதலாக ஓர் ஆண்டுக்குக் கடன் கிடைக்கலாம். 2027 முதல் இந்த முறையே மாறுகிறது. ஆகவே எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் பல்கலைக்கழகத்தின் நிதி ஆலோசகரிடம் உங்கள் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

இசையிலேயே இருப்பதா, விடுவதா என்பதை நான் சொல்ல முடியாது. விரல் மரத்திருக்கும்போது அந்த முடிவை எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த சொனாட்டாவை எழுதிய கிளார்க், ஆசிரியர் ஸ்டான்ஃபோர்டின் சொல் கேட்டு வயலினிலிருந்து வயோலாவுக்கு வந்தவர். தந்தை வீட்டைவிட்டு வெளியேற்றிய பிறகு, அந்த வயோலாவை வாசித்தே பிழைத்தார். 1919இல் இந்தச் சொனாட்டாவை எழுதினார். உங்கள் வீட்டில் யாரும் உங்களை வெளியே அனுப்பவில்லை. அம்மாவையே மருத்துவரிடம் உடன் அழைத்துப் போங்கள். எது நரம்பு, எது கருவியின் அளவு, எது குணமாகும் என்பதை அவர் மருத்துவரின் வாயால் கேட்டால், வீட்டுப் பேச்சு 'இசையா, மருந்தா' என்பதிலிருந்து 'எந்த அளவு வயோலா' என்பதற்கு மாறக்கூடும்.

மே மாதத் தேர்வைப் பொறுத்தவரை, ஏப்ரல் பாதியில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று சொனாட்டாவின் முதல் பகுதியை மரப்பு இல்லாமல் முழுவதும் வாசிக்க முடிந்து, மறுநாள் காலையும் விரல்கள் தெளிவாக இருந்தால், சுருக்கிய நிகழ்ச்சியோடு தேர்வுக்குத் தயாராகலாம். முடியவில்லையென்றால் அன்று மாலையே தள்ளிவைக்கும் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். மருத்துவச் சான்றை அதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.